ஆகாயத்தில் பாகம் பிரித்த வீடு

பதினோரு வருஷம் கழித்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஒரே ஒரு தோள்பையோடு வாசலில் வந்து நிற்கிற மகனிடம் முதலில் என்ன கேட்பது? எங்கேடா போய்த் தொலைந்தாய் என்று கேட்கலாம். அப்பா செத்ததற்குக்கூட வரவில்லையே என்று கேட்கலாம். எர்மெலிந்தா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றான் வில்பெர்.

அழுகை எல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. அவன் கன்னத்தைத் தடவினாள், முடி கொட்டிப்போன நெற்றியைத் தடவினாள், "உப்புக்காத்து உன்னைத் தின்னுடுச்சே" என்று சிலே நாட்டையே திட்டினாள்.

மரிலு அழவில்லை. அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்று, "வந்துட்டீங்களா," என்றாள்.

சின்ன வயதிலிருந்து அண்ணனை நீ, வா, போ என்று கூப்பிட்டே வளர்ந்தவள். அந்த 'நீங்க' வில்பெருக்குச் சுருக்கென்று தைத்தது.

அவளுக்குக் கோபம் இருக்காதா? அப்பா சாத்துர்னினோ இந்த வீட்டுக்குக் கூரை போட்ட நாள் தெருவுக்கே நினைவிருக்கும். பங்காளி, சம்பந்தி, ஞானப்பெற்றோர் என்று இருபது பேர் வாளி வாளியாகக் கலவை ஏற்றினார்கள். சாயங்காலம் பீர் உடைத்து, ஈரக் கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் ஏணிமேல் நின்று அப்பா பாகம் பிரித்தார். "இதுக்கு மேல இருக்கிற ஆகாயம் வில்பெருக்கு. அதுக்கும் மேல மரிலுவுக்கு." காகிதம் கிடையாது, சாட்சிக்கு இருபது பேரும் மிஸ்தி மலையும்தான்.

அரேக்கிப்பா ஊரின் இந்த லாஸ் மோயெஸ் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பில்லர் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேலே நீட்டிவிட்டு, துரு ஏறாமல் இருக்கத் தலையில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கம்பி நிற்கிறதென்றால் பிள்ளைக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

மற்ற வீடுகளில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கட்டி ஏறினார்கள். இங்கே மட்டும் வில்பெர் ஒரு செங்கல் வைக்காமல் சிலேயில் இருக்கும் அந்தோஃபகாஸ்தாவுக்குப் போய்விட்டான். முதல் மாடி இல்லாமல் இரண்டாம் மாடி எங்கே நிற்கும்? முப்பத்துநான்கு வயது மரிலு பதினோரு வருஷமாக அம்மாவின் பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டு, அந்தரத்தில் தொங்கும் தன் பாகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. இப்போது கீழ்வீட்டுக்கே ஆபத்து வந்திருந்தது.

பல்கலைக்கழகம் விரிகிறது. புதிதாக நான்கு கட்டடம், ஆறாயிரம் மாணவர்கள். முன்வாசல் அவென்யூவில் காம்பி வேன்கள் முட்டி மோதுவதால், பஸ்ஸெல்லாம் இனிமேல் பின்வாசலுக்கு வர வேண்டும் என்று திட்டம். வந்த பஸ் திரும்ப இடம் வேண்டாமா? பின்வாசலுக்கு நேர் எதிரே ஒரு காலி மனை. அதையொட்டி எர்மெலிந்தாவின் சாப்பாட்டுக்கடை, அதாவது வீடு.

விரிவாக்கத்துக்காகத் தெருத்தெருவாக, மனை மனையாகக் கணக்கு எடுத்தார்கள். எத்தனை மாடி, எத்தனை குடும்பம், வீடா, கடையா. ஒரு மாடி, ஒரு குடும்பம் என்றால் அந்த மனைக்கு வரைபடத்தில் சாம்பல் நிறம், வாங்கி இடித்துக்கொள்ளலாம். இரண்டு குடும்பம் இருந்தாலே மஞ்சள், தொடமாட்டார்கள். எர்மெலிந்தாவின் வீடு மஞ்சளானால் பஸ் திரும்ப வேறு வழியில்லை, பேராசிரியர்களின் கார் நிறுத்தத்தைத்தான் வெட்ட வேண்டும்.

"காசு குடுப்பாங்களாம்," என்றாள் எர்மெலிந்தா, மகனுக்கு முட்டை பொரித்துக்கொண்டே. "வாசல்ல வந்து நிக்கிற பசங்களையும் சேத்தா குடுப்பாங்க? சாப்பாட்டுக்கடையைத் தூக்கிட்டுப்போய் மலையுச்சியில வெச்சா யாருடா வருவான்?"

"யாரும்மா கணக்கு எடுக்கிறது?"

எர்மெலிந்தா மகளைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் மரிலு.

* * *

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மரிலுவுக்குத் தெருமுனையில் வேலை. ஆள் தாண்டத் தாண்டக் கையிலிருக்கும் கருவியை அமுக்க வேண்டும். நடந்து வருகிறவர்கள் ஒரு கணக்கு, காம்பியிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு கணக்கு. அன்றைக்கு இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் தாண்டினார்கள். கட்டைவிரல் மரத்துப்போனது. மனசு பூராவும் வீட்டில் முட்டை தின்றுகொண்டிருந்த அண்ணன் மேலேயே இருந்தது. எதற்கு வந்திருக்கிறான்? அவன் பாகத்துக்கு உண்டான நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு போகவா?

ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு வேலை காத்திருந்தது. அது அவளே இழுத்துவைத்த வினை.

போன மாதம் இந்தத் தெருவில் கணக்கு எடுத்தபோது, எத்தனை மாடி என்று கேட்டாள். மூணு என்றார்கள், எழுதினாள். நாலு என்றார்கள், எழுதினாள். கட்டியதையும் கட்டாததையும் சேர்த்துத்தான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். இந்தத் தெருவிலேயே பிறந்த மரிலுவுக்கு அது தப்பென்றே உறைக்கவில்லை. இந்தத் திட்டத்துக்காக மத்ரித்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் உர்கீசா, ட்ரோன் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மிரண்டுபோனார். படிவத்தில் தெரு முழுக்க மூன்று மாடி, நாலு மாடி. படத்தில் பாதி வீடு வெறும் மொட்டைமாடி, அதில் கோழிக்கூண்டு.

"பொய்க்கணக்கு ஒரு தடவைன்னா தப்புன்னு விடுவேன், மரிலு," என்றிருந்தார் திங்கட்கிழமை. "ரெண்டாவது தடவை வந்தா உங்க ஒப்பந்தம் அதோட முடிஞ்சுது. நாளைக்கு மூணு மணிக்குள்ள தெரு முழுக்கத் திரும்ப எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

இந்தத் தெருவில்தான் தன் வீடும் இருக்கிறது என்று அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. இவளும் வாயைத் திறக்கவில்லை.

ஃபெலிசித்தாஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மறுபடியுமா? மாடி மூணுதான்டி. ஒண்ணு கட்டினது, ரெண்டு கட்டாதது."

"கட்டாததை எழுத முடியாதுக்கா."

"ஏன் முடியாது? என் சின்னவன் அந்த மாடிக்குப் பொண்ணே பாத்துட்டான்! கட்டாத மாடிக்கு மருமகளே வர்றா, உன் காகிதத்துல ஏற மாட்டேங்குதா?"

"அக்கா, மேல பறந்து படம் எடுத்திருக்காங்க."

"பறந்து போனவனுக்கு எங்க ஆகாயத்துல என்ன வேலை? அவன் பறந்து போன எடம் என் பையனோட சமையல்கட்டுடி!"

மரிலு சிரித்துவிட்டாள். ஆனாலும் 'ஒன்று' என்று எழுதினாள். பதினேழு வீடுகளில் இப்படியே அடித்துத் திருத்திக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் ஒரு பிள்ளையின் இடத்தை அழிக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. மிச்சம் இருந்தது பின்வாசலுக்கு எதிரே இருக்கிற அவள் வீடு ஒன்றுதான். அதை மட்டும் கடைசிக்குத் தள்ளியிருந்தாள்.

* * *

செவ்வாய்க்கிழமையென்றால் அரேக்கிப்பாவில் சைரோ சூப். கருப்பு உருளைவற்றலும் ஆட்டுக்கறியும் கொதிக்கிற வாசம் பின்வாசலைத் தாண்டி வகுப்பறைகள் வரை போகும். மணி ஒன்று அடித்தால் எர்மெலிந்தாவின் கடையில் உட்கார இடம் இருக்காது.

மரிலு உள்ளே நுழைந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலோர மேஜையில் இன்ஜினியர் உர்கீசா கழுத்தில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரண்டியோடு வில்பெர்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா சார்?"

"ஊத்துங்க. ரெண்டு வாரமா இங்கேதான் சாப்பிடுறேன். இந்த ஊர்லயே இந்தக் கடைதான் கடை."

எர்மெலிந்தா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துப் பூரித்துப்போனாள். "நல்லா சாப்பிடுங்க தம்பி. ஆள் இளைச்சுத் தெரியுறீங்க. உங்க ஊர்ல சூப்பெல்லாம் கிடையாதா?"

இது மரிலுவின் வீடு என்று அவருக்கும் தெரியாது. இடிக்கிறவர் இவர்தான் என்று அவளுக்கும் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் மரிலு ஒருத்திதான். அவளுக்கு ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

உர்கீசா அவளைப் பார்த்துவிட்டார். "மரிலு! வாங்க, உக்காருங்க. படிவம் முடிஞ்சுதா?"

"ஒண்ணு பாக்கி சார்."

"எது?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவள் வாயில் பொய் வரவில்லை.

"இதுதான் சார். இது எங்க வீடு. இவங்க எங்கம்மா. சூப் ஊத்தினது எங்கண்ணன்."

உர்கீசா கரண்டியைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அவருடைய காது மடல் சிவந்துபோனதை மரிலு பார்த்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு."

படிவத்தை வாங்கி மேஜையில் விரித்தார். நல்ல மனுஷர்தான்; தெரு முழுக்க ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர், அவ்வளவே. "சரி. நான் கேக்குறேன், நீங்க எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். அப்ப யாரும் எதுவும் சொல்ல முடியாது." அடுப்படிப் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்த வீட்டுல எத்தனை மாடி?"

எர்மெலிந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"மூணு."

உர்கீசா தலையை நிமிர்த்தி விட்டத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு," என்றாள் மரிலு. எழுதினாள்.

"எத்தனை குடும்பம்?"

"மூணு குடும்பம். நான் ஒண்ணு, என் மகன் ஒண்ணு, என் மக ஒண்ணு. அவங்க அப்பா ஏணியில நின்னு சொன்னாரு. அந்தாளு ஒருநாளும் பேச்சு மாறினதில்ல."

எதிரே அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டான்.

"ஒண்ணு," என்றாள் மரிலு. "ஒரே குடும்பம். நானும் அம்மாவும்."

கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டார். ஆறு மணிக்குப் படிவங்கள் வரைபடத்துக்குப் போய்விடும் என்றும், அதற்கப்புறம் பேச்சே இல்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். மிச்ச சூப்பை அவர் குடிக்கவில்லை. எர்மெலிந்தா வந்து தட்டை எடுத்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பதினேழு பேர் திட்டியது உறைக்காத மரிலுவுக்கு, அம்மா பார்க்காமல் போனது தாங்கவில்லை.

* * *

நாலரை மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறினாள். வில்பெர் கம்பிகளுக்கு நடுவே குந்தியிருந்தான்.

"கெளம்புறீங்களா? நஷ்டஈட்டுல உங்க பாகத்தை எப்படி அனுப்பணும்னு எழுதி வெச்சுட்டுப் போங்க," என்றாள்.

"அடிக்கணும்னா கையால அடி மரிலு. அந்த 'நீங்க'வால அடிக்காத."

அவள் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நீ எழுதுறப்ப நான் தடுத்திருக்கணும்," என்றான்.

"எதைத் தடுப்பீங்க? நான் எழுதினது நெசந்தானே?"

"இல்ல." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஒரு குடும்பம்னு எழுதின. அது பொய். உனக்குத் தெரியாது, அதனால உன் மேல தப்பில்ல. எனக்கொரு பொண்டாட்டி இருக்கா. ரொசியோன்னு பேரு. மைத்தேன்னு அஞ்சு வயசுல மக இருக்கா."

மரிலு அவனையே பார்த்தாள்.

"அப்பா செத்தப்ப மைத்தேவுக்கு ஒரு வயசு, நெஞ்சுச்சளியோட ஆஸ்பத்திரியில கெடந்தா. அதனாலதான் வரல. ஏன் வரலைன்னு கேட்டா கல்யாணத்தைச் சொல்லணும். சொல்லாம பண்ணிக்கிட்டேனே, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்ல? அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம்னு தள்ளித் தள்ளி... போன மாசம் அம்மா போன் பண்ணி வீட்டை எடுக்கப் போறாங்கன்னு அழுதப்ப, அங்க இருந்த எல்லாத்தையும் வித்துட்டேன். கட்டத்தான்டி வந்தேன். நான் கட்டினாத்தானே நீ கட்ட முடியும்."

"இதைக் கீழேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!" மரிலு எழுந்தேவிட்டாள். "அவர் கேட்டாரே! வாயைத் திறந்தியே, மூடினியே!"

'நீ' வந்துவிட்டது. இருவரும் கவனிக்கவில்லை.

"கடை நிறைய ஆள் இருக்கிறப்ப, அம்மாவுக்கு நான் குடுக்கிற சேதி அதுவா? சூப் தட்டுக்கு நடுவுல, ஒரு படிவத்துக்காகச் சொல்றதா? முடியல மரிலு."

"எங்க இருக்காங்க ரெண்டு பேரும்? அந்தோஃபகாஸ்தாவுலயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இங்கதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல லாட்ஜில. நான் மொதல்ல போய் அம்மா மனசைப் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு..."

ஏணியில் டொங்கென்று ஒரு சத்தம். துவைத்த துணிக்கூடையோடு ஏறிவந்த எர்மெலிந்தா, பாதி ஏணியில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கூடை கீழே உருண்டு, துணியெல்லாம் முற்றத்து மண்ணில் கிடந்தது.

"காலையிலேருந்தா?" என்றாள்.

"அம்மா..."

"எம் பேத்தியை லாட்ஜில போட்டுட்டு, இங்க உக்காந்து ரெண்டு முட்டையும் மூணு தட்டு சூப்பும் முழுங்கினியாடா பாவி?"

வில்பெருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எர்மெலிந்தா அதையெல்லாம் கண்டுகொள்கிற நிலையில் இல்லை. அறுபத்திரண்டு வயதில் ஏணியை இரண்டிரண்டு படியாக இறங்கினாள். பெரிய போணியில் சூப்பை ஊற்றி, துணியைச் சுற்றிக் கட்டினாள். செருப்பை மாற்றவில்லை, ஏப்ரனை அவிழ்க்கவில்லை, கடையைப் பூட்டக்கூட இல்லை.

"காரம் சாப்பிடுவாளா?" என்று கேட்டாள், வாசலில் நின்று.

"கொஞ்சமாம்மா."

"யாரை மாதிரி இருப்பா?"

வில்பெர் தங்கையைப் பார்த்தான். "மரிலு மாதிரிதாம்மா. கோவம்கூட அதே கோவம்."

மரிலுவுக்கு அதுவரை வராத அழுகை, அப்போது, நடுத்தெருவில் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டே நடந்தாள். எங்கோ ஒரு சின்னப்பெண், பார்த்தே இராத இந்த அத்தையின் முகத்தோடு ஐந்து வருஷம் வளர்ந்திருக்கிறாள். அவளையும்தான் ஒரு பேனாவால் இல்லையென்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

அவென்யூவில் மணி ஐந்து இருபது. கல்லூரி விட்ட கூட்டம். காம்பிகள் முட்டிக்கொண்டு நின்றன. மரிலு போனை எடுத்தாள். இந்த ஒரு அழைப்பு போனால் வேலை போய்விடும் என்று தெரியும். திங்கட்கிழமை அவர் சொன்னது காதிலேயே இருந்தது. இருந்தாலும் விரல் நிற்கவில்லை.

"சார், மரிலு பேசுறேன். எங்க வீட்டுப் படிவம் தப்பு. ரெண்டு குடும்பம் இருக்கு."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "மரிலு. உங்க கையால எழுதினீங்க. நானும் பக்கத்துல இருந்தேன்."

"அப்ப எனக்குத் தெரியாது சார்."

"நாலு மணி நேரத்துல ஒரு குடும்பம் எங்கேருந்து வந்துச்சு?"

"சிலேயிலேருந்து."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. "இது ரெண்டாவது தடவை. இதைத் திருத்தணும்னா பொய்க்கணக்கு குடுத்தேன்னு நீங்களே எழுதித் தரணும். எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல? அப்படியே எழுதிக் குடுத்தாலும், அவங்க நெசமாவே அந்த வீட்டுல குடியிருக்காங்கன்னு நான் எதை வெச்சு நம்புறது?"

அந்த வீட்டில் அவர்களுக்கு இன்னும் ஒரு கட்டில்கூட இல்லை.

பஸ் ஸ்டாண்டு காம்பி ஒன்று வந்து நின்றது. இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் ஏறியவள் எர்மெலிந்தாதான். சூப் போணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவை மூடவிடாமல் ஒரு காலை வெளியே நீட்டி நின்றாள். கண்டக்டர் கத்தினான். உள்ளேயிருந்தவர்களும் கத்தினார்கள். அவள் அசையவில்லை.

"மரிலு!" என்று கூப்பிட்டாள். மத்தியானத்திலிருந்து பார்க்காத அம்மா, இப்போதுதான் மகளை நேராகப் பார்த்தாள். "அந்தக் காகிதத்தை அப்புறம் பாத்துக்கலாம். தன்னை மாதிரியே இருக்கிற உன்னைப் பாக்காம என்னை மட்டும் பாத்தா அந்தப் புள்ள பயப்படும். ஏறுடி!"

"எழுதித் தர்றேன் சார்," என்றாள் மரிலு போனில். "ஆறு மணிக்குள்ள அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

வண்டிக்குள் தாவி ஏறினாள். பின்னாலேயே வில்பெர் தொற்றிக்கொண்டான். காதில் உர்கீசா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரைச்சலில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. காம்பி பல்கலைக்கழகத்தின் முன்வாசலைத் தாண்டி, நெரிசலில் நூறு அடி ஓடி, ஆறு மணிக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போது நின்றுவிட்டது.